கடையில் கழியும் வாரங்கள்

மாலை ஆறு மணிக்கு மேல் எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் காணக்கூடிய காட்சி இது. வேலை முடிந்து வந்தவர், "இருமல் நிக்கவே மாட்டேங்குதுண்ணே" என்கிறார். கடைக்காரர் ஒரு டானிக் பாட்டிலை எடுத்து வைக்கிறார். அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருகிறார். எத்தனை நாளாக இருமல் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்க வேண்டும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்யவேண்டும் என்கிறது தேசியக் காசநோய்த் திட்டம். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, சளியில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நோயாளியின் ஊட்டச்சத்துக்கான உதவித்தொகை 2024 நவம்பரில் மாதம் ரூ.1,000 ஆக உயர்ந்தது. இத்தனை இருந்தும் வாரங்கள் கடையிலேயே கழிகின்றன. அங்கே கேட்டு வாங்கும் சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள் காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கி, நோயைக் கண்டுபிடிப்பதையே தள்ளிப்போடுகின்றன. அதற்குள் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றிவிடலாம்.

நீடிக்கும் இருமலெல்லாம் காசநோய் அல்ல. கல்குவாரித் தூசி, ஆஸ்துமா, பீடி, விறகடுப்புப் புகை, ஏன், சிலவகை ரத்த அழுத்த மாத்திரைகள்கூடக் காரணமாகலாம். ஆகவே சளியில் கிருமி இல்லை என்றதும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் தவறுதான். ஆஸ்துமாவுக்குத் தரும் இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற வீண் பயத்தால் இளைப்போடு காலம் தள்ளுபவர்கள் எத்தனையோ பேர்.

மூச்சுவாங்கி ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், குழந்தை மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினால், உடனே 108ஐ அழைக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் இருமல் மருந்து கொடுக்கவே கூடாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் நச்சு வேதிப்பொருள் கலந்திருந்து, 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலியானதை அதற்குள் மறந்துவிட முடியுமா?

காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு. அந்த ஊரைத் தலைநகராகக் கொண்ட மாநிலத்தில் நோயாளி தாமதமாக வந்து சேர்வதை ஏற்க முடியாது. மருந்துக் கடைகள் இரண்டு வார இருமல்காரரைச் சீட்டெழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையோடு வீட்டுக்கு வருபவர்கள் ஒவ்வொரு முறையும் இருமலைப் பற்றிக் கேட்கட்டும். கூலியை இழந்து யாரும் காலையில் வரிசையில் நிற்கமாட்டார்கள். அதனால் கிராமங்களில் வாரம் இரண்டு மாலையாவது சளி மாதிரி வாங்க சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும்.