வடக்கத்திப் பையன்தான் நிப்பானாம்

ஒரகடத்தில் ஷிப்ட் பஸ் ஆள் இறக்கும் நேரம் டீக்கடைப் பக்கம் நின்றால் லேபர் ஏஜெண்டுகளின் ஆருடம் காதில் விழும்: "நம்ம பசங்களுக்கு உடம்பு வணங்காது சார். வடக்கத்திப் பையன்தான் பன்னண்டு மணி நேரம் நிப்பான்." தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள்.

இது பழைய சரக்கு. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்கும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த பிரெடரிக் ராபர்ட்ஸ் ஊர் ஊராக விற்ற சரக்கு. தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்றார். தெற்கே நெடுங்காலம் பெரிய சண்டையே நடக்கவில்லை. அமைதியை அவர் ரத்தத்தின் குறையாக எழுதிவிட்டார். 1857 கிளர்ச்சியில் வெள்ளைக்காரனுக்குக் கைகொடுத்த பஞ்சாபியும் கூர்க்காவும் 'வீர இன'மானார்கள்.

1914 நவம்பரில் பிரான்சுக்கு இந்தியச் சிப்பாய்களைப் பார்க்கப் போன இடத்தில், 82 வயதில், நிமோனியாவில் ராபர்ட்ஸ் இறந்தார். சித்தாந்தம் பிழைத்துக்கொண்டது. ஒரகடத்திலிருந்து அதே சாலையில் போனால் வரும் வாலாஜாபாத்தின் பெயரில் ஒரு காலாட்படையே இருந்தது. முதல் உலகப் போரையும் பார்த்த அதை, மற்ற மதராஸ் பட்டாலியன்களோடு சேர்த்து 1920களில் கலைத்தார்கள். ஜப்பான்காரன் நெருங்கியதும் மதராஸ் ரெஜிமென்ட் திரும்ப முளைத்தது. இருபது வருடத்துக்குள் ரத்தம் மாறிவிட்டதா என்ன? ஆள் தேவைப்பட்டது.

காஞ்சிபுரம் மாவட்டத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர் சுபேதார் சுப்ரமணியம், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்தவர். 1944இல் இத்தாலியில் கண்ணிவெடி தேடிப்போன குழுவில் ஒருவரின் கால் வெடியில் பட்டது. வெடிக்கச் சில நொடிதான். சுப்ரமணியம் அதன்மேல் குப்புற விழுந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள், அவருக்கு இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் வீர விருது வந்தது. உடம்பு வணங்காத ஊர்!

வடக்கத்திப் பையனின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அவனும் நம் பையன் மாதிரி களைக்கிறவன்தான். ஆனால் படுக்கை ஏஜெண்ட் பிடித்த அறையில், வண்டிச்சத்தத்துக்கே கடன், 'ஓ.டி. பார்க்க முடியாது' என்றால் அவனுக்காகப் பேச இங்கே மாமன் மச்சான் கிடையாது. நம் பையனுக்கு உண்டு. ஏஜெண்டுக்கு உறுத்துவது அதுதான். உடம்பைப் பற்றிப் பேசுவது சௌகரியத்துக்கு. செல்போன் லைனுக்குப் பெண்பிள்ளைகளைத் தேடும்போது அதே வாய் 'விரல் மெல்லிசு' என்கிறது.

2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முப்பத்தேழு நாள், சம்பளமில்லாமல். நம்ம பசங்கதான் சார்.