ஸ்பேனர் நம்மகிட்ட, சாஃப்ட்வேர் யார்கிட்ட?

கம்பைநல்லூர்ல ஒரு கார்ல ஏபிஎஸ் லைட் அணையாம எரியுதுன்னு வைங்க. பிரேக் கன்ட்ரோல் மாட்யூல் போச்சுன்னு ஒருத்தர் சொல்றார். யூடியூப் பார்த்து வீட்டு வாசல்லயே மாத்திடலாமா? "ஈஸி"ன்னு சொல்றவங்க பாதிக் கதையைத்தான் சொல்றாங்க.

முதல்ல, பழுது மாட்யூல்லதானான்னு பாருங்க. சேறு படிந்த வீல் ஸ்பீடு சென்சார், அறுந்த வயர், துருப்பிடிச்ச எர்த், வீக்கான பேட்டரி... எது கெட்டாலும் அதே லைட் எரியலாம்.

சில கார்களில் எலக்ட்ரானிக் பெட்டியை மட்டும் தனியா கழட்டலாம். சில ஸ்க்ரூ, ஒரு கனெக்டர், அவ்வளவுதான். பல கார்களில் அது ஹைட்ராலிக் யூனிட்டோட சேர்ந்தே வரும். அப்ப பிரேக் பைப்பைக் கழட்டணும், காத்து உள்ள போகும். பெடலை மிதிச்சு ப்ளீட் பண்ணா மட்டும் வால்வுக்குள்ள சிக்கின காத்து முழுசா வராது. ஸ்கேன் டூல் வழியா வால்வையும் பம்பையும் இயக்கணும். அப்புறம் புது மாட்யூலுக்கு அந்தக் காருக்கான கோடிங் ஏத்தணும். நம்ம ஊர் மெக்கானிக் அண்ணா மாட்டிக்கிறது இங்கதான். கைத்தொழில் அவருக்கு அத்துப்படி, சாஃப்ட்வேர் கம்பெனி கையில.

"ஃபியூஸைப் புடுங்கிட்டு ஓட்டு"ன்னு ஒரு அறிவுரை வரும். கேக்காதீங்க. முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பிரிச்சுக் கொடுக்கிற இபிடியும் அதே மாட்யூல்லதான் இருக்கு. அது இல்லாம தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினா, பின் சக்கரம் முதல்ல லாக் ஆகி வண்டியே சுத்தலாம்.

பாதுகாப்புக்காகத்தான் சாஃப்ட்வேரைப் பூட்டி வச்சிருக்கோம்னு கம்பெனிகள் சொல்வாங்க. என் கருத்து நேர் எதிர். முறையா சரி பண்ண வழி இல்லாதப்பதான் ஃபியூஸைப் புடுங்குற வைத்தியம் நடக்குது. பாதுகாப்புதான் அக்கறைன்னா, டூலையும் கொடுங்க, பயிற்சியையும் கொடுங்க.

இது புதுக் கோரிக்கையும் இல்ல. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் ₹2,544 கோடி அபராதம் போட்டது. உதிரிபாகமும் டயக்னாஸ்டிக் டூலும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கணும்னு சொன்னது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனாங்க. 2022 டிசம்பர்ல மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குன்னே ஒரு போர்ட்டல் தொடங்குச்சு.

அடுத்த வருஷம் நம்மில் சிலர் இதே சாஃப்ட்வேரை எழுதுற சீட்ல உட்காரப் போறோம். கம்பைநல்லூர் ஒர்க்‌ஷாப்புக்கும் அது திறக்கணும்னு அந்த மீட்டிங்ல வாயைத் திறந்து சொல்லுங்க. அதுவும் இன்ஜினியரிங்தான்.