கழிவு யாருடையது என்று கேட்காத விண்ணப்பங்கள்

உயிரித் தொழில்நுட்பத்துக்கான பயோஇ3 கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 24 அன்று ஒப்புதல் தந்த பிறகு, நம் துறையில் மானிய விண்ணப்பம் எழுதாதவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நொதி தயாரிக்க நினைக்கும் சிறு நிறுவனமும் எழுதுகிறது. ஆவடியிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளும் எழுதுகின்றன. நல்லதுதான். 2014-இல் சுமார் 10 பில்லியன் டாலராக இருந்த இந்திய உயிரிப் பொருளாதாரம் 2024-இல் 165 பில்லியனைத் தாண்டிவிட்டது. 2030-க்குள் 300 பில்லியன் என்று அரசே இலக்கு வைத்திருக்கும்போது, அந்தக் கணக்கில் மேற்குச் சென்னைக்கும் ஒரு பங்கு வேண்டாமா?

கொள்கை ஆறு களங்களைச் சொல்கிறது: உயிரிவழி வேதிப்பொருள்களும் நொதிகளும், மாற்றுப் புரதங்கள், துல்லிய உயிரிமருந்துகள், காலநிலையைத் தாங்கும் வேளாண்மை, கரிமப் பிடிப்பு, கடல் மற்றும் விண்வெளி ஆய்வு. ஆறும் எதைச் செய்வது என்பதைப் பற்றியவை. செய்வதற்கான மூலப்பொருள் யாருடையது, எச்சம் யார் தலையில் விழும், ஆலை நின்றுபோனால் பொறுப்பு யாருக்கு என்று கேட்க ஏழாவது களம் ஒன்று இல்லை. அந்தக் கேள்விகள் எல்லாம் விண்ணப்பத்தின் கடைசியில், நிலைத்தன்மை, சமூகப் பயன் என்ற தலைப்பின் கீழ் ஒரு பத்தியாகச் சுருங்கிவிடுகின்றன. இந்தத் தொழில்நுட்பம் சுற்றுச்சூழலுக்கு உகந்தது, வேலைவாய்ப்பைப் பெருக்கும், ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகள் 7, 11, 12, 13 ஆகியவற்றுக்குத் துணை நிற்கும். மதிப்பீட்டுக்காக இப்படி எழுதியதைப் படித்துப் படித்து, அந்த எண்களின் வரிசைகூட எனக்கு மனப்பாடம். விண்ணப்பத்தின் பலவீனமான இடம் இதுதான் என்பதே இந்த ஆசிரியர் உரையின் வாதம். பலவீனம் நடையில் இருந்தால் திருத்திவிடலாம். அங்கே ஆய்வே இல்லை.

மேற்குச் சென்னையில் இருப்பவர்களுக்கு இதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. கோயம்பேடு சந்தையில் நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவைச் செரித்து மின்சாரம் எடுக்க 2005-இல் ஓர் உயிரிவாயு ஆலை நிறுவப்பட்டது. மத்திய மரபுசாரா எரிசக்தி அமைச்சகம், ஐ.நா. வளர்ச்சித் திட்டம், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், தொழில்நுட்ப வழிகாட்டலுக்கு அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் என்று பின்னால் நின்ற பெயர்கள் எல்லாம் பெரியவை. காற்றில்லாச் செரிமானம் பழகிய அறிவியல். மீத்தேன் நுண்ணுயிரிகள் தம் வேலையைச் செய்தன. ஆனாலும் ஆலை தொடர்ந்து ஓடவில்லை. அது நின்றதும், மறுபடி ஓட்ட முயன்றதும் அவ்வப்போது செய்தியாக வந்தன.

எங்கே இடறும் என்பது சந்தைக்குள் ஒரு விடியற்காலை நின்று பார்த்தால் புரியும். லாரியிலிருந்து இறங்குவது பாடநூலில் உள்ள காய்கறிக் கழிவு அன்று. முட்டைக்கோஸின் வெளி இலை, வாழைத்தார்த் தண்டு, நாரோடு அழுகிய பூமாலை, நடுவே கிழிந்த பிளாஸ்டிக் சாக்கு. வாழை நார் பம்பின் தண்டில் சுற்றிக்கொண்டால் அன்றைய ஓட்டம் போச்சு. பொங்கல் வந்தால் கரும்புத் தோகையும் மஞ்சள் கொத்தும் குவியும். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் உடைத்த பூசணிக்காயும் வாழைக்கன்றும். நாள்தோறும் இதைப் பிரித்து எடுப்பது யார் வேலை? வியாபாரியா, சந்தை நிர்வாகமா, அள்ளும் ஒப்பந்ததாரரா, ஆலையை ஓட்டுபவரா? ஒப்பந்தம் எடைக்குப் பணம் என்று இருந்தால் பிரித்துத் தருவதால் அள்ளுபவருக்கு என்ன லாபம்? இவை ஆளுகைக் கேள்விகள். செரிகலனின் கரிமம்–நைட்ரஜன் விகிதத்தை வாரக்கணக்கில் அளக்கும் நாம், இவற்றை அளக்க ஓர் ஆளைக்கூட வேலைக்கு வைப்பதில்லை.

மூலப்பொருள் ஓரிடத்தில் நிற்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டு, சந்தை பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்குப் போனது. செப்டம்பர் கடைசிவரை கழிவும் அங்கேதான் விழுந்தது. விண்ணப்பத்தில் மூன்றாண்டு மூலப்பொருள் உறுதி என்று எழுதுபவர்கள் அந்த நான்கு மாதங்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

திருமழிசையைத் தாண்டினால் குத்தம்பாக்கம். வேதிப் பொறியியல் படித்த இளங்கோ 1996 முதல் ஊராட்சித் தலைவராக இருந்ததால் நாடெங்கும் பேர் வாங்கிய ஊர். புதியதை வேண்டாம் என்று சொல்லும் ஊர் என்று அதை யாரும் ஏச முடியாது. நகரத்துக் குப்பையை அங்கே கொண்டுபோகத் திட்டம் போட்டபோது, அந்த ஊரே எதிர்த்து நின்றது. கேட்ட நிலம் மேய்ச்சல் நிலம். பக்கத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி. தொழில்நுட்பத்தை நன்கு அறிந்த ஊரே மறுக்கிறது என்றால், மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று விண்ணப்பத்தில் எழுதுவது எவ்வளவு அபத்தம்! இடத் தேர்வு, நில வகை, ஊருக்குத் தெரியும் நேரம், மறுக்கும் உரிமை: இவை ஆய்வுப்பொருளே. பயிலரங்கு நடத்தி, துண்டறிக்கை கொடுத்து முடித்துக்கொள்ளும் காரியம் அன்று.

எனவே முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கழிவு யாருடையது என்பது. அம்பத்தூர் பெருநகர சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலம், ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது, பூந்தமல்லி நகராட்சி, அப்பால் ஊராட்சிகள். சில கிலோமீட்டருக்குள் நான்கு நிர்வாகம், நான்கு விதத் தீர்மானப் புத்தகம், நான்கு ஒப்பந்தக் காலம். ஒரு பால் பண்ணையின் கழிவை எடுப்பதாக இருந்தால் உரிமையாளர் ஒருவர், வாசல் ஒன்று. தெருக் கழிவுக்கு அப்படி இல்லை. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் உண்டாக்குபவரைத் தனியாகப் பொறுப்பாக்கியதால் கல்யாண மண்டபமும் ஓட்டலும் கணக்கில் தனித்து வந்தன. அவற்றின் வாசலில் இன்று கழிவை எடுத்துப் பிழைப்பவர்கள், பன்றி வளர்ப்பவர் முதல் பழைய பொருள் பொறுக்குபவர் வரை, நாளை ஆலை வந்தால் என்ன ஆவார்கள் என்பதையும் அளந்து சொல்ல வேண்டும். இலவசக் கழிவு என்று விண்ணப்பத்தில் எழுதும் பொருளை இன்று யாரோ காசாக்கிக்கொண்டிருக்கிறார்.

இங்கே விண்ணப்பத்தோடு இணைக்கும் ஒத்துழைப்புக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. எனக்குப் பழகிய வடிவம் இது: உள்ளாட்சி அலுவலகத்தின் தலைப்புத்தாள், ஒரே பத்தி, கொள்கையளவில் ஆட்சேபணை இல்லை என்ற வாக்கியம், ஆணையரின் கையெழுத்து. எத்தனை டன், எந்த வார்டு, எத்தனை ஆண்டு, பிரித்ததா பிரிக்காததா, எதுவும் இராது. மானியம் வந்து சேர்வதற்குள் ஆணையர் மாறிவிடுவார். புதியவருக்கு அந்தக் கடிதம் கோப்பில் ஒரு தாள், அவ்வளவே. மாமன்றத் தீர்மானம் வாங்கக் கூடுதலாகச் சில மாதம் ஆகும். ஆனால் அதிகாரி மாறினாலும் தீர்மானம் நிற்கும். என்னைக் கேட்டால், தீர்மானம் இல்லாத விண்ணப்பத்துக்கு முதல் ஆண்டில் தீர்மானம் பெறுவதையே மைல்கல்லாக வைத்து, அதற்கு மட்டும் பணம் தரலாம்.

அடுத்தது எச்சம். காய்கறிக் கழிவில் எண்பது, தொண்ணூறு விழுக்காடு தண்ணீர். வாயுவாகப் போவது எடையில் சிறு பங்கு. மீதி குழம்பாக மறுபக்கம் வெளியே வரும். அதை உரமாக விற்க 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் தரத்துக்கு வர வேண்டும். நொதித்த அங்கக உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி என்று மத்திய அரசு 2023-இல் அறிவித்தது உதவிதான். ஆனால் அம்பத்தூரிலிருந்து அந்தக் குழம்பை வாங்கும் உழவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், டேங்கர் வாடகை என்ன என்று கணக்குப் போட்ட விண்ணப்பத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கணக்கு இல்லாத இடத்தில் குழம்பு எங்கே போகும்? இந்தப் பகுதியில் கால்வாய்க்குப் போகும், அங்கிருந்து ஏரிக்கு. தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து தங்கள் ஏரிக்கு வந்த கழிவுநீருக்காகக் கொரட்டூர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனவர்கள். இன்னொரு குழாயை அவர்கள் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது.

வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டைப் பற்றிப் பேசினால் ஐ.எஸ்.ஓ. 14040 என்று எழுதி, ஐரோப்பியத் தரவுத்தளத்திலிருந்து எண்களை எடுத்து ஒட்டிவிடுகிறோம். உயிரிவழி மீத்தேனின் வெப்பமூட்டும் ஆற்றல் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 27 மடங்கு. செரிகலனின் மூடியிலும் திறந்த குழம்புத் தொட்டியிலும் கசிவது சில விழுக்காடு கூடினாலே ஆலையின் காலநிலைப் பயனில் பெரும்பகுதி கரைந்துபோகும். நம் வெயிலில், நம் பராமரிப்பில் எவ்வளவு கசிகிறது என்பதை அளப்பதே முதல் தரமான ஆய்வுக் கேள்வி. அதற்குக் கருவி கேளுங்கள், ஆள் கேளுங்கள்.

யாருடையது என்ற கேள்வி நுண்ணுயிரிக்கும் உண்டு. பிரித்தெடுப்போர் கவனிக்க: கொரட்டூர் ஏரிச் சேற்றிலிருந்து எடுத்த நுண்ணுயிரியும் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி உயிரியல் வளமே. 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி இந்திய விண்ணப்பதாரர் காப்புரிமை கிடைக்கும் முன் தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். வணிகத்துக்குப் போகும்போது அனுமதி பெற வேண்டும். வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் அனுமதி தொடக்கத்திலேயே தேவைப்படும். ஆணையத்தின் தலைமையகம் தரமணியில்தான் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

இவ்வளவையும் ஆய எந்தக் கதவைத் தட்டி நிதி கேட்பது? இங்கேதான் நிதி தருவோர்மீது குறை சொல்ல வேண்டியிருக்கிறது. உயிரித் தொழில்நுட்பத் துறையிடம் போனால் இது சமூக அறிவியல் என்பார்கள். 1969-இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்திடம் போனால் செரிகலனும் வாயுப் பகுப்பானும் அவர்கள் கணக்குத் தலைப்பில் அடங்காது. பயிரக் எனும் உயிரித் தொழில்நுட்பத் தொழில் ஆய்வு உதவிக் கழகம் தொழில் முனைவோருக்குப் 'பிக்' திட்டத்தில் 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய்வரை தருகிறது. அது கருத்தை நிரூபிக்க, ஊராட்சியோடு பேச அன்று. ஆனால் 2023-ஆம் ஆண்டின் அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைச் சட்டத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: இயற்கை அறிவியல், பொறியியல், சுற்றுச்சூழல் ஆகியவற்றோடு, மானுடப் புலங்களும் சமூக அறிவியலும் அறிவியல் தொழில்நுட்பத்தைத் தொடும் இடங்களும் அறக்கட்டளையின் வரம்புக்குள் வருகின்றன. சட்டத்திலேயே கதவு இருக்கிறது. அந்த வாசகத்தை மேற்கோள் காட்டி, ஆவடியின் ஒரு பொறியாளரும் அடையாற்றின் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரு பொருளியலாளரும் சம உரிமையுள்ள ஆய்வாளர்களாக விண்ணப்பிக்கட்டும். பொருளியலாளரை மூன்றாம் ஆண்டில் அழைத்துக் கருத்துக்கணிப்பு எடுக்கச் சொல்வது கூட்டு ஆய்வு ஆகாது. முதல் ஆண்டிலேயே, இந்த இடம் வேண்டாம் என்று சொல்லித் திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும்.

வெளியே இது புதிதன்று. ஜெர்மனியின் மத்திய ஆய்வு அமைச்சகம் பத்தாண்டுக்கு முன்பே உயிரிப் பொருளாதாரத்தைச் சமூக மாற்றமாக ஆய்வதற்கென்றே தனி நிதித் திட்டம் வைத்தது. 2024-இல் பிரேசில் தலைமையில் ஜி20 நாடுகள் ஏற்ற உயிரிப் பொருளாதாரத்துக்கான பத்து உயர்நிலைக் கொள்கைகளில் இந்தியாவின் ஒப்புதலும் இருக்கிறது. அங்கே ஒப்புக்கொண்டதை இங்கே அழைப்பு அறிவிக்கையில் ஒரு வரியாகவாவது எழுத வேண்டாமா?

பணம் வரும் விதமும் இந்த ஆய்வுக்கு ஒத்துவரவில்லை. கருவூல ஒற்றைக் கணக்கு முறையில் மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு கழன்றுவிடும். வேதிப்பொருளை மார்ச்சில் வாங்கிக் குவிக்கலாம். மாமன்றக் கூட்டத்தையும் வடகிழக்குப் பருவமழையையும் மார்ச்சுக்கு வரச் சொல்ல முடியுமா? கழிவு மிக ஈரமாக, ஏரி மிக நிறைந்து, நம் கேள்விகள் உண்மையிலேயே சோதனைக்கு உள்ளாகும் காலம் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை. அறிவியல் கொள்முதல் வரம்புகளை 2025 ஜூனில் தளர்த்தியவர்கள், களப்பணிக்கான தொகையை அடுத்த ஆண்டுக்குத் தானாக நீட்டிக்கவும் ஒரு சுற்றறிக்கை விடலாம். 36 மாதத் திட்டம் முடிந்தபின் ஆலையை யார் பராமரிப்பது என்பதற்குப் பட்ஜெட்டில் தலைப்பே இல்லாததையும் அதே சுற்றறிக்கையில் சரிசெய்யலாம்.

நிதி தருவோருக்குச் சொல்வதை இந்த இதழ் தன் கையில் உள்ள அளவுக்குத் தானும் செய்யப் போகிறது. கழிவிலிருந்து வாயு, உரம், நொதி, நெகிழி எடுக்கும் எந்தக் கட்டுரையும் அடுத்த இதழ் முதல் செய்முறைப் பகுதியிலேயே மூன்றைச் சொல்ல வேண்டும்: மூலப்பொருள் எந்த வாசலில், யாருடைய எந்த ஆவணத்தின் பேரில் எடுக்கப்பட்டது, அதை முன்பு யார் பயன்படுத்தினார், சோதனை முடிந்த எச்சம் எத்தனை கிலோ, எங்கே போனது. இவை இல்லாத கட்டுரை மதிப்பீட்டாளருக்கு அனுப்பப்படாமல் திரும்பும். தோற்றுப்போன உள்ளாட்சிக் கூட்டுகளைப் பற்றிய குறிப்புகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறோம். பக்க வரம்பு எட்டு.