வானம் பொதுச் சொத்து! வாடகை வசூல் யாருக்கு?

டெலிவிஷன் தொழிலாளிக்கு ஆடம்பரம் என்று எவரேனும் சொன்னால், அவர் தொழிலாளியின் வீட்டைப் பார்த்தவர் அல்ல. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து ஷிப்டு முடித்து வருகிறவருக்கும், நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவருக்கும் நாட்டு நடப்பு தெரிய வேண்டாமா? ஒரு படம் பார்த்துச் சிரிக்க உரிமை இல்லையா? உரிமை உண்டு. கேள்வி வேறு. அந்த உரிமைக்கு மாதா மாதம் யாருக்கு, எதற்காக வாடகை கட்டுகிறோம் என்பதே கேள்வி.

மாதக் கட்டணம் கட்டும் கேபிளிலேயே இருப்பதா, கட்டணமில்லாத டி.டி. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாறுவதா என்று நமது தோழர்கள் பலரும் கேட்கிறார்கள். பதில் சொல்லுமுன், இந்த நிலைமை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் திண்டுக்கல் சமவெளியில் டெலிவிஷன் பார்க்க மாதக் காசு தேவைப்படவில்லை. கூரையில் ஆன்டெனாவை நட்டு, மேற்கே கொடைக்கானல் மலையை நோக்கித் திருப்பினால் தூர்தர்ஷன் தெரிந்தது. அந்தத் தரைவழி ஒளிபரப்பு இன்று எங்கே? 2021இல் பிரசார் பாரதி ஓர் அறிவிப்புச் செய்தது. சுமார் 50 முக்கிய இடங்களைத் தவிர, நாடெங்கும் உள்ள பழைய அனலாக் நிலையங்களை 2022 மார்ச்சுக்குள் மூடுவதாகச் சொன்னது. கருவி பழசாகிவிட்டது உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாகக் கிராமத்து ஏழைக்கு என்ன தந்தார்கள்? தனியார் வலையை நம்பிப் பிழைத்துக்கொள் என்று விட்டார்கள்.

கேபிளிலோ, 2011ஆம் வருஷச் சட்டத் திருத்தம் டிஜிட்டல் முறையைக் கட்டாயமாக்கியது. சென்னை போன்ற பெருநகரங்கள் முதற் கட்டம். திண்டுக்கல் போன்ற நகரங்கள் மூன்றாம் கட்டம். கிராமங்கள் நான்காம் கட்டம். 2015, 2016 டிசம்பர் என்று குறித்த கெடுக்கள் 2017 வரை தள்ளிப் போயின. செட்-டாப் பெட்டி இல்லாவிட்டால் படம் இல்லை என்றார்கள்.

படம் தெளிவாயிற்று, சேனல்கள் பெருகின. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பெட்டியின் முதல் வேலை படத்தைத் தெளிவாக்குவது அல்ல, வீடுகளை எண்ணுவது! பழைய முறையில் எத்தனை வீட்டுக்குக் கம்பி போகிறது என்பது சேனல் முதலாளிக்குச் சரியாகத் தெரியாது. இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். பணம் கட்டாத வீட்டை, எங்கோ இருக்கும் அறையிலிருந்து ஒரு பொத்தானை அமுக்கி இருட்டாக்கலாம். முதலாளி கேட்டது இந்தக் கணக்கு. சர்க்கார் சட்டம் போட்டு வாங்கிக் கொடுத்தது.

அதன் விலை என்ன? 2019இல் டிராய் அமைப்பின் புதிய கட்டண முறை வந்தது. சேனலின் விலை தனி. கம்பிக்கான அடிப்படைக் கட்டணம் மட்டும் மாதம் 130 ரூபாய் வரை. அதற்கு 18 சதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 153 ரூபாய் 40 காசு. வருஷத்துக்கு 1,840 ரூபாய் 80 காசு. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். முழுக் கூலி கைக்கு வந்தாலும் ஐந்தரை நாள் உழைப்பு இதற்கே போய்விடும்! கட்டணச் சேனல் கேட்டால் மேலும் கூடும். இந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் 2024 ஜூலையில் டிராய் நீக்கிவிட்டது. வேலி போட்டவரே வேலியைப் பிடுங்கினார்.

ஃப்ரீ டிஷ் எப்படிப்பட்டது? 2004 டிசம்பரில் தொடங்கிய பொதுத்துறைச் சேவை அது. பெட்டிக்கும் குடைக்கும் ஒரு முறை செலவு. ஏறத்தாழ ஓராண்டுக் கேபிள் பணத்தை ஒட்டி வரும். பிறகு மாதக் கட்டணம் கிடையாது. நம்மூரில் குடையைத் தென்கிழக்கே, வானில் உயரப் பார்க்க வைக்க வேண்டும். பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 முறைச் சேனல்களும் வருமா என்று கேட்டு வாங்குவது நல்லது. கிரிக்கெட் பார்ப்போருக்கு ஒரு செய்தி: முக்கிய ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதைத் தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி, குடைவழி மூலமே காட்டலாம், தனியார் கேபிள் மூலம் காட்டக் கூடாது என்று 2017இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. எனவே அந்த ஆட்டம் ஃப்ரீ டிஷ்ஷில் இலவசம்.

பிறகு ஏன் எல்லோரும் மாறவில்லை? காரணம் தமிழ்! ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கு இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது. பெரும்பகுதி இடத்தை இந்திச் சேனல்கள் பிடித்துக்கொள்கின்றன. தமிழுக்குச் சிறு மூலையே மிச்சம். ஃப்ரீ டிஷ்ஷில் இலவசமாக வரும் சேனலை வேறெங்கும் காசுக்கு விற்கக் கூடாது என்று 2024இல் டிராய் விதித்தது. நியாயமான விதிதான். ஆனால் வீடு வீடாகக் காசு பார்க்கும் தமிழ்ச் சேனல் முதலாளி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பாரா? நாள் முழுதும் உழைத்த நம் வீட்டுப் பெண் இரவில் ஒரு தமிழ்த் தொடர் பார்க்க விரும்பினால், அவரை ஏளனம் செய்வது நமக்கு அழகல்ல. அவருக்குத் தெரிந்த மொழியில் இலவசமாகத் தராத சர்க்காரையே கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கதையையும் மறக்கக் கூடாது. 2006இல் இலவச வண்ண டெலிவிஷன் வந்தது. பெட்டி இலவசம், கம்பி காசுக்கு! கேபிள் விநியோகத்தில் அன்று ஓங்கி நின்றது சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன். நமது மாவட்டத்து ஆலைகளில் இளம் பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய முறைக்கும் சுமங்கலித் திட்டம் என்றே பெயர். மங்கலமான பெயர்கள், வேலையோ வசூல்!

2007இல் அரசு கேபிள் டி.வி. கழகம் பிறந்தது. ஆளும் குடும்பத்தின் சண்டையில் எழுந்து, சமாதானத்தில் படுத்தது. 2011 செப்டம்பரில் ஆட்சி மாறி, மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி வந்தது. மாநில அரசுகள் இந்தத் துறையில் இறங்கக் கூடாது என்று டிராய் சிபாரிசு செய்திருந்தது. டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியை ஏழைப் பிள்ளைகளின் வீட்டுக்குக் கொண்டு சேர்த்ததில் இந்த அரசு கேபிளுக்குப் பங்குண்டு. பொதுத்துறை இருந்தால் பலன் உண்டு என்பதற்கு இது அத்தாட்சி. ஆனால் 2022 நவம்பரில், மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்துடன் ஏற்பட்ட தகராறில் லட்சக்கணக்கான அரசு கேபிள் பெட்டிகள் இருண்டு போயின. பெயர்ப் பலகை அரசுடையது, சாவி தனியாருடையது! அரைகுறைப் பொதுத்துறையின் கதி இதுதான்.

அந்தப் பக்கம் ஏகபோகம் திரண்டு நிற்கிறது. 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் தங்கள் இந்திய டெலிவிஷன் தொழிலை ஒன்றாக இணைத்தன. விஜய் டி.வி.யும் கலர்ஸ் தமிழும் ஒரே கூரையின் கீழ் வந்தன. செல்போன் ரீசார்ஜும் அதே கூட்டத்துக்கு, சேனல் காசும் அதே கூட்டத்துக்கு!

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்வது: செய்தி, கிரிக்கெட், கிடைக்கிற படம் போதும் என்ற வீடு தயங்காமல் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாறலாம். தமிழ்ச் சேனல் வேண்டும் என்ற வீடு கேபிளில் இருக்கட்டும். ஆனால் தலையில் கட்டும் பொதியை அப்படியே சுமக்க வேண்டாம். வேண்டிய சேனலை மட்டும் தனித்தனியே கேட்டு வாங்கும் உரிமை 2019 முறையில் உண்டு. ஒவ்வொரு மாதமும் ரசீது கேளுங்கள். தெருவில் வசூலுக்கு வரும் கேபிள்காரரோடு சண்டை வேண்டாம். அவரும் பெரிய கம்பெனிக்கும் நமக்கும் நடுவே நசுங்குகிறவர். கோரிக்கையில் அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வீடு மாறுவதால் மட்டும் விஷயம் தீராது. வான் அலைகள் பொதுச் சொத்து என்று 1995இலேயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. பொதுச் சொத்தை ஏலம் போட்டு, இருப்பவனுக்கு இடமும் இல்லாதவனுக்கு இருட்டும் கொடுப்பது என்ன நியாயம்? ஃப்ரீ டிஷ்ஷில் மொழிவாரியாக இடம் ஒதுக்கி, தமிழுக்கு உரிய பங்கை ஏலமின்றித் தர வேண்டும். அடிப்படைக் கட்டணத்தின் மீதான ஜி.எஸ்.டி.யை ரத்துச் செய்து, உச்சவரம்பை மீண்டும் கொண்டுவர வேண்டும். அரசு கேபிளின் மென்பொருளும் பெட்டியும் அரசின் கையிலேயே இருக்க வேண்டும்.

ஆலை வாயிலில் கூலிக்காகக் கூடும் கூட்டத்திலும், கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் கூடும் கூட்டத்திலும் இந்தக் கோரிக்கைகளையும் சேர்த்து வையுங்கள். கூலியாகக் கொடுத்ததை வாடகையாகப் பிடுங்குகிறவர்களோடு நமக்குள்ள கணக்கில் இதுவும் ஒரு வரி.