தாய் எங்கே போனாள் என்று கேட்குமுன்



கிணற்றில் விழுந்து இரண்டு வயதுப் பிள்ளை மௌத் என்று முகநூலில் ஒரு செய்தி வந்தால், கீழே இரண்டு விதமான கருத்துகள்தான் நிறையும். ஒன்று, இன்னா லில்லாஹி. அது சொல்ல வேண்டியதுதான். மற்றது, "உம்மா என்ன செய்துகொண்டிருந்தா? போன் பார்த்துக்கொண்டு இருந்திருப்பா." ஜனாஸா அடக்க முன்பே தீர்ப்பு எழுதியாயிற்று. அந்தக் கிணற்றுக்குக் கட்டு இருந்ததா, மூடி இருந்ததா என்று கேட்பவரைக் காண்பது அரிது.

அந்த உம்மா அந்நேரம் சட்டி கழுவிக்கொண்டிருந்திருப்பா. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்திருப்பா. காலை முதல் மஃரிப் வரை ஒரு பிள்ளை மேலேயே கண் வைத்திருக்க எந்த மனிசராலும் ஏலாது. தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்தும், கையைக் காலை அடிக்கும் என்று நாம் நினைத்திருக்கிறோம். சின்னப் பிள்ளை பெரும்பாலும் சத்தமே போடாது. பாத்ரூம் வாளிக்குள் தலைகீழாக விழுந்தால், அதில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் போதும். தலைப் பாரத்தை அதனால் திரும்பத் தூக்க முடியாது. எல்லாம் சில நிமிடங்கள்தான்.

ஆகவே "கவனமா இரு" என்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆள் கவனம் தப்பும் நேரத்திலும் பிள்ளையைக் காக்கும்படி பொருளை மாற்றி வைக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே ஒருவர் இதைச் செய்து காட்டினார். சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் விஜய கொடகும்புர. குப்பி லாம்பு சரிந்து எரிகாயப்பட்டு வந்தவர்களுக்கு மருந்து கட்டியவர், அந்த லாம்பையே மாற்றினார். மார்மைட் போத்தலைப் பார்த்து வந்த யோசனை அது. குட்டையான, கனத்த கண்ணாடி. லேசில் சரியாது. இரண்டு பக்கம் தட்டை, அதனால் விழுந்தாலும் உருளாது. திருகு மூடி, மண்ணெண்ணெய் கொட்டாது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. "லாம்புக்குக் கிட்டப் போகாதே" என்று பிள்ளைகளை ஏசுவதோடு அவர் நிற்கவில்லை.

கழா கத்ர் என்று சொல்லி இந்தப் பேச்சை முடிக்கப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு ஆட்களோடு எரிந்தபோது, தூங்கப் போகும்போது நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். எலி திரியை இழுத்துக்கொண்டு போய் வீட்டாரை எரித்துவிடலாம் என்று காரணமும் இன்னொரு ஹதீஸில் வருகிறது. எலி வரை யோசித்த மார்க்கம் இது.

நோன்பு காலத்தை எடுங்கள். அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி எடுக்க அனுப்புவது யாரை? எட்டு வயதுப் பிள்ளையை, மூடியில்லாத வாளியோடு. கொதிக்கும் கஞ்சி தண்ணீரைப் போல வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். மூடி திருகும் பாத்திரம் இல்லாத பிள்ளைக்கு ஊற்றுவதில்லை என்று நிர்வாகம் ஒரு வரி அறிவித்தால் போதும். (சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை பூச வேண்டாம்.)

இனிக் கிணறு. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு எத்தனையோ வளவுகளில் கிணறு பாவனையில்லாமல் கிடக்கிறது. சிலர் தகரமோ பலகையோ போட்டு மூடுகிறார்கள். அது திறந்த கிணற்றைவிட மோசம். உக்கிப்போன பலகை மேல் பிள்ளை ஏறி நிற்கும். இரும்புச் சட்டத்தில் கம்பி வலை அடித்து, பிணைச்சல் வைத்து, பூட்டுப் போட வேண்டும். வெல்டிங் கடையில் செய்துவிடும் வேலை. கட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் கதிரையையும் அப்புறப்படுத்துங்கள், பிள்ளைக்கு அது படி.

வசதியில்லாத வீடுகளுக்குப் பள்ளிவாசல் நிர்வாகம் செய்து கொடுக்கலாம். மினாராவுக்குச் சேர்க்கும் காசில் ஒரு துளி போதும். மஹல்லாவில் எந்தெந்தக் கிணறு திறந்து கிடக்கிறது என்று அறிய வேண்டுமா? தரம் 4 பிள்ளைகளைக் கேளுங்கள். கிராம சேவகரைவிடச் சரியாகச் சொல்வார்கள். அவர்களுடைய பந்து விழுந்த கிணறுகள் அல்லவா.

உங்கள் ஊரில் இப்படி வலைமூடி போட்டவர்கள் இருந்தால் அளவையும் செலவையும் படத்தோடு கீழே போடுங்கள்.