சக்கரம் முறிந்தது சனியாலா?

சென்ற மாதம் ஒரு சிற்றூரில் நாம் பேசி முடித்த பிறகு, ஆட்டோ ஓட்டும் வாலிபத் தோழர் ஒருவர் கோலூன்றி நொண்டிக்கொண்டே நம்மிடம் வந்தார். வண்டி வாங்கிய ஏழாவது மாதம், மேட்டிலிருந்து இறங்கும்போது முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்பு இரண்டாக முறிந்ததாம். வண்டி குடைசாய்ந்தது, கால் எலும்பு ஒடிந்தது, மூன்று மாதம் பிழைப்புப் போயிற்று. "முறிந்த இரும்பு எங்கே?" என்று கேட்டோம். "அது எதற்கு ஐயா? காயலான் கடையில் போட்டுவிட்டோம்" என்றார். பிறகு என்ன செய்தீர்கள் என்றதற்கு, சோசியர் ஏழரைச் சனி என்று சொன்னதாகவும், கடன் வாங்கிப் பரிகாரம் செய்ததாகவும் சொன்னார்.

நாம் கேட்கிறோம்: அந்த இரும்பைச் சனியா வார்த்தது? ஆலையிலே ஒருவன் வார்த்தான். சரியாயிருக்கிறதென்று இன்னொருவன் முத்திரை போட்டான். லாபம் வைத்து வேறொருவன் விற்றான். இந்த மூன்று பேரையும் விட்டுவிட்டு, எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் சுற்றுகிற ஒரு கிரகத்தின் தலையில் பழியைப் போட்டால், அதனால் சுகப்படுகிறவன் யார்? முதலாளிக்குச் சோசியனைவிட நல்ல வக்கீல் வேறு யார் கிடைப்பான்? பீஸைக்கூடக் காயம் பட்டவனே கொடுத்துவிடுகிறானே!

இதே கேள்வி அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்பே எழுந்தது. பியூக் கம்பெனியின் மோட்டார் காரை மாக்பெர்சன் என்பவர் ஒரு வியாபாரியிடம் வாங்கினார். காரின் மரச்சக்கரம் ஓட்டத்திலேயே நொறுங்கி, அவர் தூக்கியெறியப்பட்டுக் காயமடைந்தார். "சக்கரம் நாங்கள் செய்ததல்ல, வேறொருவரிடம் வாங்கியது, காரையும் நாங்கள் வியாபாரிக்குத்தான் விற்றோம், உமக்கல்ல" என்று கம்பெனி வாதாடிற்று. 1916இல் நியூயார்க் மேல்கோர்ட்டு நீதிபதி கார்டோசோ இதை ஒப்பவில்லை. குற்றமிருந்தால் உயிருக்கு ஆபத்தாகும் பண்டத்தை, பிறர் ஏறிப் போவதற்கென்றே செய்து விற்கிறவன், அதைச் சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவன் என்று தீர்ப்பளித்தார். விதி என்ற பேச்சுக்கு அங்கே இடமேயில்லை.

சரி, அது வெள்ளைக்காரன் தேசம், இங்கே நமக்கு என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. 2020 ஜூலை முதல் நடப்பிலுள்ள 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. செய்த விதத்தில் குற்றம், வடிவமைப்பில் குற்றம், எழுதிக்கொடுத்த உறுதிப்படி பண்டம் இல்லாமை, ஆபத்தைத் தடுக்கத் தக்க எச்சரிக்கை கொடாமை, இவற்றில் ஒன்று காட்டப்பட்டாலும் செய்தவன் நஷ்டஈடு கொடுக்கவேண்டும். செய்தவன் யாரென்றே தெரியாத போலிச் சாமானாக இருந்தால், விற்ற கடைக்காரன் தலையிலே பொறுப்பு விழுகிறது. பழுது பார்த்தவனும் தன் வேலையின் குற்றத்துக்குத் தப்பமுடியாது.

பெரிய கம்பெனியோடு நம்மால் மல்லுக்கு நிற்க முடியுமா என்று மலைக்கவேண்டாம். 2017இல் ஒருவரின் ஹூண்டாய் கார் மோதியபோது, உயிரைக் காக்கவேண்டிய காற்றுப் பை விரியவில்லை. மோதிய வேகம் போதாது என்பது போன்ற கணக்குகளைக் கம்பெனி சொல்லிற்று. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, காரை வாங்குகிறவன் வேகத்தையும் விசையையும் கணக்குப் போடும் பௌதிக நிபுணனாக இருக்கவேண்டியதில்லை என்று சொல்லி, நஷ்டஈட்டையும் மாற்று வாகனத்தையும் கொடுக்கச் சொன்ன கீழ்த் தீர்ப்பை உறுதி செய்தது. வருஷம் நாலரை ஆயிற்று என்பதை மறைக்கவில்லை. தாமதம் பெருங்கேடுதான். ஆனால் பரிகாரம் செய்தவனுக்கு நாற்பது வருஷமானாலும் சல்லிக்காசு வருமா?

இனிச் செய்யவேண்டியதைச் சொல்லுகிறோம். முதலாவது, முறிந்த பாகத்தைத் தொலைக்காதீர்கள். அதுதான் உங்கள் முதல் சாட்சி. கம்பெனிக்காரன் கேட்டாலும் படம் எடுக்காமலும் ரசீது வாங்காமலும் கொடுக்காதீர்கள். வண்டி வாங்கிய பில், வாரண்டிச் சீட்டு, சர்வீஸ் ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீசில் கொடுத்த புகாரின் நகல், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கட்டாகப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பிராது கொடுங்கள். கம்பெனி இருக்கும் பட்டணத்துக்கு அலையவேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஜில்லாவிலேயே கொடுக்கலாம். வக்கீல் வைத்துத்தான் தீரவேண்டுமென்பதில்லை. பண்டத்துக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் கிடையாது. முறிந்த பாகத்தைச் சோதனைச் சாலைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. சொந்த உழைப்பால் பிழைப்பதற்கென்று வண்டி வாங்கி ஓட்டுகிறவரும் இச்சட்டத்தில் நுகர்வோரே.

மூன்றாவது, விபத்தில் அடிபட்டவர் வழியே போன பாதசாரியானாலும், மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் வண்டிச் சொந்தக்காரர் மீதும் இன்சூரன்ஸ் கம்பெனி மீதும் மனுச் செய்யலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்கு ஆறு மாதந்தான் கெடு.

நம்மவர் குற்றத்தையும் சொல்லாமலிருக்க முடியாது. வண்டியின் உறுப்பை மனம்போனபடி வெட்டி ஒட்டினால், பண்டத்தை மாற்றினாய் என்று சொல்லிச் செய்தவன் தப்பித்துக்கொள்வான். சட்டமும் அதற்கு இடங்கொடுக்கிறது. அன்றியும், ஒரே பாகம் பல வண்டிகளில் கெட்டால் அவற்றைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட சர்க்காருக்கு அதிகாரமிருக்கிறது. அப்படித் திரும்பச் செய்யும் வேலைக்கு உங்களிடம் காசு வாங்கக்கூடாது. ஆனால் முறிந்ததையெல்லாம் சனியின் கணக்கில் எழுதிவிட்டால், சர்க்காருக்குச் சொல்லுகிறவன் யார்? இன்று நீங்கள் சும்மாயிருந்தால், அதே அச்சில் வார்த்த இரும்பு நாளை இன்னொருவர் காலை ஒடிக்கும்.

ஆயுதபூஜையன்று வண்டிக்குப் பொட்டு வைத்துச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். பழம் நசுங்குகிறதே தவிர, விரிசல் கண்ட இரும்பு ஒட்டிக்கொண்டதாக இதுவரை ஒருவரும் காட்டியதில்லை. ஆகவே தோழர்களே, இனி எவனாவது வந்து "எல்லாம் தலையெழுத்து" என்று சொன்னால், தலையிலுள்ள எழுத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த இரும்பிலுள்ள எழுத்து யாருடையது என்று பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.