பந்தயமும் பயிரும்

ஆட்டத்தின் முடிவை முன்கூட்டி உரைக்கும் நிபுணர் எக்காலத்தும் உளர். அவர் உரையை நம்பிக் கைப்பொருளை இழப்பாரும் உளர். கிரிக்கெட் போட்டிகளின் இறுதிச் சுற்று நெருங்குந்தோறும், இன்ன அணிக்கு இத்தனை விழுக்காடு வெற்றி வாய்ப்பு, இன்ன அணிக்குப் பந்தய விகிதம் இவ்வளவு என்னும் பேச்சு மாணவரிடையே மிகுந்து வருகின்றது. இவ்விகிதங்களின் உட்பொருள் யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1983ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்கு இங்கிலாந்துப் பந்தயக்காரர் கூறிய விகிதம் 1க்கு 66. அஃதாவது, 67இல் ஒரு பங்கு வாய்ப்பே உண்டென்பது அவர் மதிப்பு. இந்தியா போன்ற அணிகள் விலகிக்கொள்ளல் நன்றென எழுதியிருந்தார் டேவிட் ஃபிரித் என்னும் ஆங்கிலப் பத்திராசிரியர். ஜூன் 25ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் நம் அணி 183 ஓட்டங்களே எடுத்தது. அவற்றுள் மிகுதியாக 38 எடுத்தவர் சென்னை ஸ்ரீகாந்த். எனினும் மேற்கிந்தியர் 140க்கு வீழ்ந்தனர். பின்னர் வாசகர் ஒருவர் நினைவூட்ட, ஃபிரித் தாம் எழுதிய தாளையே மென்று விழுங்கினார்! 2023இலோ, பத்து ஆட்டங்களையும் தொடர்ந்து வென்ற நம் அணி, நவம்பர் 19ஆம் நாள் அகமதாபாத்தில் ஆஸ்திரேலியரிடம் தோற்றது.

ஆயின் கணிப்பு முழுதும் பொய்யோ எனின், அன்று. 67இல் ஒன்று என்பது நடவாது என்னும் பொருளுடையதன்று. அரிது என்பதே அதன் பொருள். அரியன என்றேனும் நிகழ்ந்தே தீரும். குற்றம் எண்ணில் இல்லை. எண்ணை வாக்குறுதியாகக் கொள்வார் மனத்திலேயே உளது.

பந்தயக்காரர் கூறும் எண்ணில் மற்றொன்றும் கலந்துள்ளது. அஃது அவர் லாபம். சமவலியுடைய இரண்டு அணிகள் மோதுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய் கட்டி வென்றவனுக்கு நூறு ரூபாய் லாபம் தருதல் நேர்மை. பந்தயக்காரர் தொண்ணூறு தருகிறார் எனின், இருபுறமும் நூறு நூறு கட்டியவன் 200 கொடுத்து 190 பெறுவான். எவ்வணி வெல்லினும் அப்பத்து ரூபாய் அவர் பெட்டியைச் சேரும்.

நிற்க. வாய்ப்பைக் கணித்து வாழ்தல் நம் தஞ்சை நாட்டார்க்குப் புதிதன்று. மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனும் அறியான் என்பது நம் முதுமொழி. மேட்டூர் அணை பாசனத்திற்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆயினும் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் திறக்கவில்லை. உழவர் யாது செய்தார்? நீர் தாழ்த்தால் குறுவையை விடுத்துச் சம்பா ஒன்றையே நம்பினார். நாற்றங்காலுக்கு நீரில்லாவிடத்து நேரே விதைத்தார். கணிப்பை அவர் கேட்பது இழப்பைக் குறைத்தற்கேயன்றிச் சூதாடுதற்கன்று.

இந்திய வானிலைத் துறையும் தவறியதுண்டு. 2002ஆம் ஆண்டுத் தென்மேற்குப் பருவ மழை சராசரியில் 101 விழுக்காடு பெய்யும் என்று அது கூறிற்று; பெய்ததோ 81. அத்துறை 2003இல் தன் கணிப்பு முறையைத் திருத்தியமைத்தது. நிபுணர்க்கு இஃதன்றோ இலக்கணம்! ஆட்டத்திற்கு ஆட்டம் புதிது புதிதாய் உரைத்துப் பழைய பிழைகளைக் கணக்கில் வையாதாரை நாம் நிபுணர் என்றல் தகுமோ?

பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025இல் நடுவணரசு சட்டம் இயற்றிற்று. சட்டம் வாயிலை அடைக்கும். அவாவை அடக்குதல் நம் கடன். ஆட்டத்தைக் கண்டு மகிழ்வோம். வெல்வார் யாரென நட்புடன் வாதிடுவோம். ஆனால் நம் கல்விக்கெனப் பெற்றோர் அனுப்பும் பொருள் விதைநெல்லை ஒக்கும். எத்துணைப் பஞ்சத்திலும் உழவர் காத்துவைக்கும் அதனை நாம் பந்தயத்தில் வைத்தல் அடாது.